புறப்படும் முன், போய்ச் சேர்ந்த பின்

ஒரு நெடும்பயணத்துக்கு முன்னால் வரும் வாரங்களை நான் எப்போதும் பயணத்தின் பகுதியாகவே எண்ணி வந்திருக்கிறேன். வரைபடத்தை மேசைமேல் விரித்து, ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, சாலை அதை எங்கே கடக்கிறது, மலையின் எந்தச் சரிவில் காலை வெயில் விழும் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மாலைப்பொழுதுகள், போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் பொழுதுகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. ஆனாலும் இந்த இன்பத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பயணம் முடித்து வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்கிறோம். புறப்படப் போகிறவரிடம், இந்த ஏற்பாடுகளில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்பதில்லை. ஆயத்தம் என்பது அடைதலுக்குச் செய்யும் ஊழியம், அதற்கெனத் தனி மதிப்பு கிடையாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதையும், அதே வேளையில் ஆயத்தத்தின் இன்பம் அளவு மீறினால் அடைதலின் மகிழ்ச்சியை எப்படித் தின்றுவிடும் என்பதையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

முதலில், அந்த இன்பம் உண்மையானதா என்ற கேள்வி. நெதர்லாந்தில் யெரோன் நவெய்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள், போகாதவர்களைக் காட்டிலும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் அந்த வேறுபாடு பயணத்துக்கு முன்புதான் தெரிந்தது. திரும்பி வந்த பிறகு, மிக மிக ஓய்வாகக் கழித்தோம் என்று சொன்னவர்களிடம் மட்டும் அது சில வாரங்கள் நீடித்தது. மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. இதற்கு வெகுகாலம் முன்பே, 1987இல், பொருளியலாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் மாணவர்களிடம் வேடிக்கையான ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். உங்களுக்குப் பிடித்த திரை நட்சத்திரத்தின் முத்தம் ஒன்று கிடைக்கும் என்றால் அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள். உடனே என்றால் எவ்வளவு, சில நாள் கழித்து என்றால் எவ்வளவு, ஓராண்டு கழித்து என்றால் எவ்வளவு என்பது கேள்வி. நல்லது எதுவும் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு நல்லது என்பது பொருளியலின் பழைய கணக்கு. மாணவர்களோ உடனே கிடைப்பதைவிட மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்கே அதிகம் கொடுக்கச் சம்மதித்தார்கள். அந்த மூன்று நாள் எதிர்பார்ப்பும் ஒரு நுகர்வுதான், அதற்கும் விலை உண்டு என்பதை அவர்கள் சொல்லாமலே சொன்னார்கள்.

இந்த இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். ஆயத்த நாட்களில் காலம் நம் கையில் இருக்கிறது. மலைக்கு முதலில் போகலாம், கடற்கரைக்கு முதலில் போகலாம், ஒரே நாளை நான்கு விதமாகக் கழித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். எந்தத் தேர்வும் மற்றொன்றைக் கொல்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு காலம் அந்த இடத்தின் கைக்கு மாறிவிடுகிறது. அங்கே கிழக்கே நடந்த காலை மேற்கே நடக்க மறுபடி வராது. மழை பெய்தால் பெய்ததுதான். எல்லா வழிகளும் திறந்திருந்த ஒரு வீட்டிலிருந்து ஒரே வழி உள்ள ஒரு வீட்டுக்குக் குடிபெயர்வதில் சிறிய துக்கம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆவலோடு போன பலருக்கு முதல் நாளில் காரணம் தெரியாத ஒரு வெறுமை தோன்றுவதற்கு, பயணக் களைப்பைக் காட்டிலும் இந்தத் துக்கமே காரணம் என்று நான் நினைக்கிறேன். அது இடத்தின் குறையாகாது. நம்மோடு வாரக்கணக்கில் வாழ்ந்த பல பயணங்கள் அந்த ஒரு நாளில் இறந்துபோகின்றன. எஞ்சி நிற்கும் ஒன்றோடு பழகச் சிறிது நேரம் தேவைப்படுகிறது.

ஆகவே அடைதலை ஒரு கணமாக எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஊருக்குள் வண்டி நுழைவதோ, மலை உச்சியில் கால் படுவதோ அடைதல் ஆகிவிடாது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்காமலே கால்கள் திருப்பங்களை அறிந்துகொண்டு நடக்கும் காலைதான் எனக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த காலை. பெரும்பாலும் அது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வருகிறது. ஒரே நாளில் மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது வருவதே இல்லை. அவர்கள் மூன்று முறை போயிருக்கிறார்கள், ஒருமுறைகூடச் சேரவில்லை. ஆயத்தம் செய்யும்போதே, எதுவும் திட்டமிடாத நாட்களைத் திட்டத்தில் எழுதிவைப்பது இதனால்தான் அவசியமாகிறது. திட்டத்தின் மிக நல்ல பகுதி அதில் காலியாக விடப்பட்ட இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆயத்தம் முழுமையாகி, அடைந்த நேரத்தில் அடைந்ததைப் பார்க்கவே இயலாமற்போன ஒரு மனிதரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. விண்மீன்களின் ஒளி சூரியனருகே வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சோதிக்க, 1919ஆம் ஆண்டு மே 29 அன்று நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணம் மிக நல்ல வாய்ப்பு என்பதை இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் ஃபிராங்க் டைசன் இரண்டாண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார். அன்று சூரியன் நிற்கவிருந்த இடம், நம் ரோகிணி நட்சத்திரத்தை ஒட்டிய ஹையடீஸ் என்ற ஒளிமிக்க விண்மீன் கொத்தின் நடுவே இருந்தது. ஆங்கில வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பி தீவுக்குச் சென்றார். போர்க்காலத்திலேயே தொடங்கிய ஏற்பாடு, கடற்பயணம், தீவில் கருவிகளை நிறுவிச் சரிபார்த்த வாரங்கள் ஆகிய எல்லாம் முழுமறைவு நீடித்த 302 வினாடிகளுக்காக. அன்று காலை பெருமழை கொட்டியது; நண்பகலுக்குப் பிறகு மேகங்களின் ஊடே சூரியன் விட்டுவிட்டுத் தெரிந்தது. அந்த 302 வினாடிகளிலும் எடிங்டன் புகைப்படத் தகடுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். கிரகணம் தொடங்கிவிட்டதா என்று ஒருமுறை, மேகம் எவ்வளவு இருக்கிறது என்று நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததைத் தவிர, தாம் கிரகணத்தைப் பார்க்கவே இல்லை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

இதை இழப்பின் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. எடிங்டன் கிரகணம் பார்க்கப் போகவில்லை. விண்மீன்கள் இடம் பெயர்ந்து தெரிகின்றனவா என்று அளக்கப் போனார். சில நாள் கழித்து, அதே தீவில், தகடு ஒன்றை அளவெடுத்து, பெயர்ச்சி ஐன்ஸ்டைன் சொன்ன அளவோடு ஒத்துப்போவதைக் கண்டபோதுதான் அவர் போய்ச் சேர்ந்தார். ஆயத்தம் செய்கிறவர் முதலில் தெளிய வேண்டியது, தாம் சேர விரும்பும் இடம் எது என்பதைத்தான். ஆனால் அளக்க வேண்டிய கடமை ஏதும் இல்லாத நாமும், கருவியைக் கையில் பிடித்தபடி அந்த 302 வினாடிகளைக் கழித்துவிட்டு வருகிறோம் என்பதுதான் வருத்தத்துக்குரியது. எடிங்டனிடம் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அருவியின் முன்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மிடம் என்ன காரணம் இருக்கிறது?

இன்றைய ஆயத்தத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது படங்கள். ஓர் இடத்துக்குப் போகுமுன் அதன் ஒவ்வொரு தெருவையும் காணொளியில் நடந்து பார்த்து, தங்கும் அறையின் சன்னலிலிருந்து தெரியும் காட்சியைக்கூட முன்னதாகவே கண்டுவிட்டுப் போகிறவருக்கு, அங்கே செய்ய எஞ்சியிருப்பது சரிபார்க்கும் வேலை மட்டும்தான். படத்தில் கண்டதுபோல இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு அவர் நிற்கிறார். இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் ஏமாற்றம். வியப்புக்கு அங்கே கதவே இல்லை. இதற்காக எதையும் அறியாமல் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று பதிலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவது. மற்றொன்று கேள்வியைக் கொடுத்து அனுப்புவது. ஒரு பாறைமேட்டின் படத்தை நூறு கோணங்களில் பார்ப்பது முதல் வகை. அந்தப் பாறை எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது, இறுகும்போது சுருங்கி அறுகோணத் தூண்களாகப் பிளந்தது என்று படித்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் போவது இரண்டாம் வகை. பின்னவர் போய் நின்றதும் தூண்களை எண்ணத் தொடங்குவார், ஐந்து பக்கம் உள்ளது ஒன்று கண்ணில் பட்டால் மகிழ்வார், மணிக்கணக்கில் அங்கேயே இருப்பார்.

ஆகவே நான் எனக்கென்று வைத்திருக்கும் ஒழுங்கு இது. வழிக்கு வேண்டியதை எவ்வளவு வேண்டுமானாலும் தயார்செய்துகொள்ளலாம். காட்சியைத் தயார்செய்துகொள்ளக் கூடாது. வரைபடம், பருவநிலை, மண்ணின் வரலாறு, அங்கே வளரும் மரங்களின் பெயர்கள், ஓரிரு வணக்கச் சொற்கள், காலணி, மருந்து, திரும்பும் வண்டியின் நேரம் ஆகியவற்றில் நான் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் அது வீணாவதில்லை. அந்த இடம் எப்படித் தோன்றும், அங்கே நான் என்ன உணர்வேன் என்பதை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

வழியைத் தயார்செய்வதன் பயன் என்ன என்பதை நார்வே நாட்டுத் துருவப் பயணி ருவால் அமுண்ட்சென் காட்டிய அளவுக்கு வேறு யாரும் காட்டியதில்லை. தென்துருவத்துக்குப் போகுமுன், 1911ஆம் ஆண்டின் இருண்ட குளிர்காலம் முழுவதையும் அவருடைய குழு பனிக்கரையில் அமைத்த முகாமில் கழித்தது. சறுக்குவண்டிகளைச் செதுக்கிச் செதுக்கி எடை குறைத்தார்கள். காலணிகளைப் பலமுறை பிரித்துத் திருத்தித் தைத்தார்கள். அதற்கு முன்பே, வழியில் உணவுக் கிடங்குகள் அமைத்திருந்தார்கள். பனிப்புயலில் ஒரு கிடங்கைத் தவறவிட்டால் சாவுதான் என்பதால், போகும் திசைக்குக் குறுக்காக, கிழக்கும் மேற்குமாகப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு எண்ணிட்ட கொடிகளை வரிசையாக நட்டுவைத்தார்கள். வழி தவறி வருகிறவர் எந்தக் கொடியைக் கண்டாலும், கிடங்கு எந்தப் பக்கம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அதன் எண்ணே சொல்லிவிடும். நல்ல ஆயத்தத்தின் இலக்கணம் என்று இந்தக் கொடி வரிசையைச் சொல்வேன். தவறாமல் போவோம் என்ற நம்பிக்கையில் செய்யப்படாமல், தவறினாலும் சேர்வோம் என்பதற்காகச் செய்யப்பட்டது அது. அந்த நிம்மதி இருக்கும்போதுதான் கண் சுற்றிலும் பார்க்கும் சுதந்திரம் பெறுகிறது.

அமுண்ட்சென்னுக்கும் பொறுமை தவறியது உண்டு. செப்டம்பர் 8 அன்று, பருவம் தொடங்குமுன்னே அவசரப்பட்டுப் புறப்பட்டு, தாங்க முடியாத குளிரில் திரும்பி வந்து, அக்டோபரில் மறுபடி புறப்பட்டுத்தான் டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார். அடைந்த கணத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்பது விசித்திரமானது. சிறுவயது முதல் அவர் ஆசைப்பட்டது வடதுருவத்துக்கு. அங்கே ஏற்கெனவே சென்றுவிட்டதாக வேறு இருவர் அறிவித்ததால் திசை மாற்றித் தெற்கே வந்தவர் அவர். தம் ஆசைக்கு இவ்வளவு நேரெதிரான இடத்தில் வேறு எவரும் நின்றிருக்க மாட்டார்கள் என்று அவர் எழுதினார். ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்கு வந்த ஆங்கிலேயப் பயணி ராபர்ட் ஸ்காட்டுக்கோ, பிறர் நட்ட கொடியைக் கண்டபின் அடைதல் என்பதே கசப்பாகிவிட்டது; திரும்பும் வழியில் அவரும் உடன் சென்ற நால்வரும் உயிரிழந்தார்கள். துருவம் இருவருக்கும் ஒரே பனிவெளிதான். மனிதர் எதைக் கொண்டு போகிறாரோ அதையே அங்கு காண்கிறார் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

அடைதல் கிடைக்காமலே போனால்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஆயத்தத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தியின் வாழ்க்கை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக 1760இல் அவர் பிரான்சிலிருந்து கப்பலேறினார். இந்தியக் கரையை நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி வந்து கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. அவரோ ஆடும் கப்பலின் தளத்தில் இருந்தார், அங்கிருந்து துல்லியமாக அளக்க வழியில்லை. எட்டு ஆண்டுகளில் அந்நிகழ்வு மறுபடி வரும், அதற்குப் பிறகு 1874 வரை வராது. ஊர் திரும்பாமல் காத்திருப்பது என்று முடிவு செய்தார். மடகாஸ்கரின் கரையை வரைந்தார், காற்றுகளையும் கடலோட்டங்களையும் ஆராய்ந்தார், மணிலா சென்றார், அங்கிருந்து 1768இல் புதுச்சேரி வந்து இடிந்த கோட்டைக்குள் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 அதிகாலையில் மேகம் சூழ்ந்தது. நிகழ்வு முடிந்த சற்று நேரத்தில் சூரியன் வெளியே வந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பதையும் பின்னர் அறிந்தார். இரு வாரங்களுக்கு மேல் பேனாவைப் பிடிக்கவும் மனமின்றிக் கிடந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1771இல் பிரான்சுக்குத் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி, வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்; அறிவியல் கழகத்தில் அவருடைய இருக்கையும் வேறொருவருக்குப் போயிருந்தது.

லெ ஜான்தியை நகைப்புக்குரியவராகவோ, துரதிர்ஷ்டத்தின் உருவமாகவோ காட்டும் எழுத்துகளை வாசிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் புதுச்சேரித் தமிழர்களிடமிருந்து கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். அந்தக் கணிதத்தைப் பற்றி ஐரோப்பியர் அறிய அவருடைய எழுத்து பெரிதும் உதவியது. பார்த்தவற்றையெல்லாம் பின்னாளில் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார். அடைதலுக்காகக் காத்திருந்த காலத்தை வெறும் காத்திருப்பாக அவர் விட்டுவிடவில்லை. ஆயினும் இதைச் சொல்லி அந்த மேகத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று ஆறுதல் கூறிவிட முடியாது. அவர் வந்தது வெள்ளிக்கோளைக் காண, அது கிடைக்கவில்லை, அந்த இழப்பு இழப்புதான். ஆயத்தத்தின் இன்பம் அடைதலுக்கு ஈடாகாது, அடைதலும் ஆயத்தத்துக்கு ஈடாகாது. இரண்டும் வெவ்வேறு நாணயங்கள். ஒன்றில் சேர்த்ததை மற்றொன்றில் செலவழிக்க இயலாது.

ஆயத்தத்திலேயே தங்கிவிடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். புத்தகங்கள் வாங்கி, பட்டியல்கள் எழுதி, ஒப்பிட்டு, ஒத்திவைத்து, இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுப் போகலாம் என்று ஆண்டுகளைக் கடத்துகிறவர்கள். அது சோம்பல் என்று நான் கருதவில்லை. மனத்திலுள்ள இடம் குறையற்றது. அதை உண்மையான இடத்தின் கையில் ஒப்படைக்க அவர்கள் அஞ்சுகிறார்கள். ஆயத்தம் போதுமா என்பதை அறிய எனக்கு உதவும் அளவுகோல் ஒன்று உண்டு. புதிதாகப் படிக்கும் தகவல் என் முடிவுகளில் எதையாவது மாற்றுகிறதா என்று பார்ப்பேன். நாள், வழி, தங்குமிடம், எடுத்துச் செல்லும் பொருள் ஆகியவற்றில் எதையும் அது மாற்றவில்லையென்றால், நான் செய்துகொண்டிருப்பது ஆயத்தம் என்ற பெயரில் செய்யும் தாமதம். இதற்கு மறுபுறத்தில், எதையும் திட்டமிடாமல் போவதே மெய்யான பயணம் என்று பெருமை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பிறர் செய்த ஆயத்தத்தின்மேல் நடக்கிறார்கள். யாரோ போட்ட பாதை, யாரோ எழுதிய அறிவிப்பு, உடன் வருகிறவர் எடுத்து வந்த தண்ணீர்.

திரும்பி வந்த பிறகு படிப்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். போய் வந்த இடத்தைப் பற்றிய நூல்களை, வரைபடங்களை, அதுவரை தள்ளிவைத்த படங்களை, வந்த பிறகு பார்ப்பதில் தனியொரு சுகம் இருக்கிறது. நாம் கவனிக்காமல் கடந்த ஒரு மதில் அப்போது பொருள் பெறுகிறது. ஏன் அந்த ஊரில் தெருக்களெல்லாம் கிழக்கு நோக்கி இறங்கின என்பது விளங்குகிறது. இந்தப் பின்-ஆயத்தம் அடைந்ததைக் கெடுப்பதில்லை, அதன் ஆயுளைக் கூட்டுகிறது. முன்னால் செய்ய நினைத்ததில் பாதியைப் பின்னுக்குத் தள்ளினால் இரண்டுமே நன்மை பெறும் என்று இப்போது நம்புகிறேன்.

இதை எழுதும்போது நானும் ஓர் ஆயத்தத்தின் நடுவில்தான் இருக்கிறேன். 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழும் முழுச் சூரிய கிரகணம் எகிப்தின் லக்சர் அருகே ஆறு நிமிடம் இருபத்து மூன்று வினாடி நீடிக்கும். நிழல் எந்த நொடியில் எந்த இடத்தைத் தொடும் என்பது முன்னதாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த மாதத்தில் அங்கே மேகம் மிக அரிது, வெப்பம் மிகக் கடுமை. நிழல் தரும் இடம், தண்ணீர், கிரகணத்தின் பகுதி நிலைகளுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, போகவும் வரவும் இரு வழிகள் என்று பட்டியல் நீண்டுகொண்டிருக்கிறது. அதை எழுதும் ஒவ்வொரு மாலையும் எனக்கு இன்பமாக இருக்கிறது. முதன்முறை காண்கிறவர்கள் படம் எடுக்க முயலாமல் வெறுங்கண்ணால் அந்த முழுமறைவை மட்டும் பார்க்க வேண்டும் என்று பலமுறை கண்ட அனுபவசாலிகள் சொல்கிறார்கள். பட்டியலில் படக்கருவி இல்லை. முழுமறைவின் படங்களை நான் இதுவரை தேடிப் பார்க்கவும் இல்லை. ஆகஸ்ட் 3 அன்று பார்ப்பதற்காக அவற்றை வைத்திருக்கிறேன்.